இருபதாவது தடவையும் நிற்கணும்

சில வருஷம் முன்னாடி நண்பன் ஒருத்தன் தன் காருக்குப் பெரிய பிரேக் போட்டான். முன்சக்கரம் ரெண்டுலயும் நாலு பிஸ்டன் காலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க். காலிப்பர் சிவப்பு நிறம். அலாய் வீலுக்கு நடுவுல அந்தச் சிவப்பு தெரியணும்கிறதுக்காகவே வீலையும் மாத்தினான். மொத்தச் செலவு நான் வாங்கின முதல் பைக்கின் விலையைவிட அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கப் போனோம். பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டோடு நான். முதல் ரெண்டு சுற்று பிரமாதம். பிரேக் மிதிச்சா சீட் பெல்ட் நெஞ்சை அழுத்துது. நாலாவது சுற்றில், நேர்ப்பாதை முடியற இடத்தில் மிதிச்சான். பெடல் பஞ்சில் கால் வெச்ச மாதிரி தரை வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணி, கியரைக் குறைச்சு, ஒருவழியா மண்ணில் இறங்கி நின்னோம். யாருக்கும் எதுவும் ஆகல. "மச்சான், இவ்ளோ காசு போட்டேனேடா" என்பதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

திரும்பி வந்ததும் அங்கிருந்த வயசான மெக்கானிக் ஒருத்தர் காலிப்பரைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்துட்டு, "இது எப்ப ஊத்துனது தம்பி?" என்றார். நண்பன் கொஞ்சம் தயங்கி உண்மையைச் சொன்னான். கிட் மாட்டும்போது வீட்டுப் பரணில் மிச்சம் இருந்த பாட்டிலை ஊத்தியிருக்கான். திறந்து ரெண்டு வருஷம் ஆன பாட்டில். வீணாக்குவானேன்னு ஒரு சிக்கனம்.

அன்னிக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சது. பிரேக் ஆயிலில் தொடங்கி 1902 வரைக்கும் போய், அங்கிருந்து பிரான்ஸ் நாட்டு ல மான் நகரத்துக்கு வந்து நின்னேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிரேக் வண்டியை நிறுத்துதுன்னு சொல்றோம். சரியாச் சொன்னா, வண்டியின் வேகத்தை அது சூடாக மாத்துது. அவ்வளவுதான் அதோட வேலை. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 240 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினா, சுமார் 20 லட்சம் ஜூல் சக்தி போய்ச் சேர இடம் வேணும். குழாயில் பிடிச்ச தண்ணீர் ஏழு லிட்டரை அடுப்பில் வெச்சுக் கொதி நிலைக்குக் கொண்டு வரத் தேவையான சூடு இது. அதை ஆறேழு நொடியில் சில கிலோ இரும்பு வாங்கிக்கணும். வேகம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. அதனாலதான் ஊருக்குள்ள வருஷக்கணக்கா ஒழுங்கா வேலை செஞ்ச பிரேக், டிராக்கில் நாலு சுற்றில் கைவிரிக்குது.

இந்தச் சூட்டை எங்கே கொண்டு போய்க் கொட்டுறதுங்கிற கேள்விதான் ரேஸ் பிரேக்கின் மொத்த வரலாறும்.

டிஸ்க் பிரேக் புதுசு, டிரம் பிரேக் பழசுன்னு நம்மில் பலர் நினைச்சுக்கிட்டிருக்கோம். ரெண்டும் ஏறக்குறைய ஒரே வயசு. பிரான்ஸில் லூயி ரெனோ 1902-இல் டிரம் பிரேக் வடிவத்தைக் கொண்டு வந்தார். அதே 1902-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிட்டார். யோசனை சரி, பொருள்தான் சரியில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க அவருக்குக் கிடைச்சது செம்பு. உலோகத்தில் உலோகம் உரசினா காது கிழியும். அந்தக் காலத்துப் புழுதி ரோட்டில் திறந்து கிடந்த செம்பு சீக்கிரமே தேய்ஞ்சும் போச்சு. மூடின டிரம்முக்குள் புழுதி போகாது. டிரம் ஜெயிச்சது.

உரசும் பொருள் பிரச்சினையைத் தீர்த்தவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். டெர்பிஷயர் மலைப்பாதையில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை மரக் கட்டையில் சொருகி பிரேக்காகப் பயன்படுத்துறதைப் பார்த்து இவருக்கு யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. பருத்தியில் ஆரம்பிச்சு, பிறகு ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் செய்தார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் சேர்த்து அவர் கம்பெனிக்கு வெச்ச பெயர் ஃபெரோடோ. இன்னிக்கும் பேட் பெட்டி மேல அந்தப் பெயரைப் பார்க்கலாம். (ஆஸ்பெஸ்டாஸ் தூசு பின்னாடி எத்தனை தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்னதுங்கிறது தனிக் கதை.)

ல மான் நகரம் இந்தக் கதையில் முதல்முறை வர்றது 1921-இல். 24 மணி நேர ரேஸ் அப்போ பிறக்கவே இல்லை. பிரெஞ்சு கிராண்ட் பிரி அங்கே நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த டூசன்பெர்க் காரில் ஜிம்மி மர்ஃபி ஜெயிச்சார். அந்தக் காரில் ஹைட்ராலிக் பிரேக். மத்தவங்க கம்பியும் கேபிளும் வெச்சு இழுத்துக்கிட்டிருந்தப்போ, இதில் திரவம் நாலு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தத்தைக் கொண்டு போச்சு. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் திரவம் வந்தது அப்படித்தான். என் நண்பனைக் கவிழ்த்த அதே திரவம்.

அடுத்த முப்பது வருஷம் டிரம்மைப் பெரிசாக்குறதிலும், அதுக்குக் காற்று காட்டுறதிலும் போச்சு. டிரம்மின் சிக்கல் என்னன்னா, சூடானா அது விரியும். உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் கீழே போகணும். அதைவிட மோசமான இன்னொண்ணு: டிரம்மின் சுழற்சியே ஷூவை இன்னும் அழுத்தமா இழுத்துப் பிடிக்கும். குளிர்ச்சியா இருக்கும்போது இது வரம். லேசா மிதிச்சாலே நல்லாப் பிடிக்கும். ஆனா சூட்டில் உராய்வு கொஞ்சம் குறைஞ்சா, இந்தப் பெருக்கமும் சேர்ந்து சரியும். இடது சக்கரம் ஒரு மாதிரியும் வலது சக்கரம் ஒரு மாதிரியும் சரிஞ்சா, வண்டி ஒரு பக்கமா இழுக்கும். லேப்டாப் சூடானா பிராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்குமே, அது மாதிரிதான். என்ன, இங்கே எதிரில் ஒரு வளைவு இருக்கும்.

டிஸ்க்கில் இது தலைகீழ். டிஸ்க் சூடாகித் தடிச்சா பேடை நோக்கித்தான் வரும். திறந்து கிடக்கிறதால காற்று படும். லான்செஸ்டர் காலத்தில் தோத்த யோசனை, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானச் சக்கரங்களில் திரும்ப வந்தது. டன்லப் நிறுவனம் விமானங்களுக்கு டிஸ்க் பிரேக் செஞ்சது. பக்கத்திலேயே கோவென்ட்ரியில் ஜாகுவார் தொழிற்சாலை. ரெண்டு பேரும் சேர்ந்து இதைக் காரில் மாட்டிப் பார்த்தாங்க.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. விமானம் ஒரு தடவை இறங்கும், ஒரு தடவை பிரேக் போடும், அப்புறம் ஆறிக்கிட்டு நிற்கும். ரேஸ் கார் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரேக் போடும். ஒரு தடவை ஜோராக நிறுத்தும் பிரேக் வேற, திரும்பத் திரும்ப நிறுத்தும் பிரேக் வேற. ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் மாசக்கணக்கா ஓட்டி, இதில் உடையறது எது எதுன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சார். நாங்க மென்பொருளில் லோட் டெஸ்ட்னு பண்றோமே, அதேதான், உயிரைப் பணயம் வெச்சு. டிஸ்க்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்குப் போய், பிரேக் ஆயில் கொதிச்சது. திரவத்தை அழுத்தினா சுருங்காது. ஆவியை அழுத்தினா சுருங்கும். கொதிச்ச ஆயிலில் ஆவிக் குமிழி வந்ததும் பெடல் தரைக்குப் போகும். 1952-இல் டூயிஸுக்கு நடந்ததும் இருங்காட்டுக்கோட்டையில் எங்களுக்கு நடந்ததும் ஒண்ணே.

இன்னொரு தொந்தரவு, வளைவில் அச்சு லேசா வளைஞ்சு டிஸ்க் ஆடி, பேடைப் பின்னாடி தள்ளிடும். அடுத்த தடவை மிதிக்கும்போது முதல் மிதி வெறும் மிதி. நேர்ப்பாதையிலேயே இடது காலால் பெடலை ஒரு தட்டு தட்டி வைக்கிற பழக்கம் இதுக்காகத்தான். இன்னிக்கும் டிராக் ஓட்டுறவங்க செய்யறாங்க. டிரம் மாதிரி தானா இழுத்துப் பிடிக்கும் குணம் டிஸ்க்குக்கு இல்லாததால, காலின் அழுத்தம் போதாது. துணைக்கு ஒரு பம்ப் தேவைப்பட்டது.

1952 மே மாசம் இத்தாலியின் மில்லே மில்யா ரேஸில் ஸ்டெர்லிங் மாஸும் டூயிஸும் டிஸ்க் வெச்ச சி-டைப் ஜாகுவாரில் போனாங்க, முடிக்கல. அடுத்த மாசமே பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் மாஸ் ஜெயிச்சார். டிஸ்க் பிரேக் வெச்ச ஜாகுவார் ஒண்ணு ரேஸில் ஜெயிச்சது அதுதான் முதல்.

பெரிய பரீட்சை 1953 ல மான். அங்கே அப்போ முல்சான் என்ற நேர்ப்பாதை கிட்டத்தட்ட 6 கி.மீ., அதன் முடிவில் சடார்னு ஒரு வலது வளைவு. அமெரிக்காவின் கன்னிங்ஹாம் கார் அந்த நேர்ப்பாதையில் ஜாகுவாரைவிட வேகம். 17 அங்குல டிரம் பிரேக் வேற. ஃபெராரியின் எஞ்சினும் ஜாகுவாரைவிடப் பெரிசு. ஆனா டிரம் வெச்சவங்க வளைவுக்கு ரொம்ப முன்னாடியே காலைத் தூக்கணும். இரவு ஆக ஆக இன்னும் முன்னாடி. ஜாகுவார் ஓட்டுநர்கள் கடைசி வரை ஒரே இடத்தில் மிதிச்சாங்க. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி 304 சுற்று ஓட்டி ஜெயிச்சது. 24 மணி நேரச் சராசரி மணிக்கு 170 கி.மீ.; நூறு மைல் சராசரியைத் தாண்டினது அந்த ரேஸில் அதுவே முதல்முறை. மாஸின் ஜாகுவார் இரண்டாவது, கன்னிங்ஹாம் மூன்றாவது, இன்னொரு ஜாகுவார் நாலாவது. முல்சான் வளைவுக்கு மட்டும் 304 தடவை, ஒவ்வொரு தடவையும் நம்ம ஏழு லிட்டர் தண்ணீர்க் கணக்கு. முதல் தடவைக்கும் 304-ஆவது தடவைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுதான் அங்கே ஜெயிச்சது.

இதோட நிறுத்தினா அழகான வெற்றிக் கதை. ஆனா ரெண்டே வருஷத்தில் அதே ஊர்.

1955-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரோடு வந்தது. பிரமாதமான கார், ஆனா டிரம் பிரேக். போதாதுன்னு அவங்களுக்கே தெரியும். அதனால ஓட்டுநருக்குப் பின்னாடி 0.7 சதுர மீட்டரில் ஒரு தகடு வெச்சாங்க. முல்சான் முடிவில் லீவரை இழுத்தா அது எழுந்து காற்றைத் தடுக்கும். விமான இறக்கையில் எழும் தகடு மாதிரி. சூட்டை இரும்பில் கொட்டாமல் காற்றிலேயே கொட்டும் உத்தி, நல்ல மூளைதான்.

ஜூன் 11, மாலை ஆறரைக்குச் சற்று முன். மைக் ஹாத்தார்னின் டி-டைப் ஜாகுவார், லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின்-ஹீலியைத் தாண்டி, வலது பக்கம் இருந்த பிட்டுக்குப் போக பிரேக் போட்டது. பின்னாடி வந்த மேக்லின் தானும் பிரேக் போட்டு, மோதாமல் இருக்க இடது பக்கம் ஒதுங்கினார். அந்த இடது பக்கத்தில் அதைவிட மிக வேகமாக வந்துக்கிட்டிருந்தது பியர் லெவேயின் மெர்சிடிஸ். ஹீலியின் சரிந்த பின்பக்கத்தில் ஏறிப் பறந்து, மண்மேட்டில் மோதிச் சிதறி, கூட்டத்துக்குள் போச்சு. லெவேயும் பார்வையாளர்கள் எண்பது பேருக்கு மேலும் இறந்தாங்க. கார் ரேஸ் வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

டிஸ்க் பிரேக் காருக்குப் பின்னாடி டிரம் பிரேக் கார் வந்ததுதான் காரணம்னு பல இடத்தில் எழுதியிருக்காங்க. அது பாதி சரி. மேக்லினின் ஹீலியிலும் டிஸ்க்தான் இருந்தது. லெவேக்கு அந்த வேகத்தில் எந்த பிரேக் இருந்தாலும் நேரம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். விசாரணையும் எந்த ஓட்டுநரையும் குற்றம் சொல்லல. பழைய காலத்து வேகத்துக்குப் போட்ட பாதைதான் குற்றவாளி. பிட்டுக்குத் திரும்ப தனித் தடமே கிடையாது. ஆனா ஒண்ணு உண்மை: திடீர்னு வேகம் குறைக்கும் திறமை, ரோட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில் வர்றதில்லை. வந்தவனுக்கும் வராதவனுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கு. 1920-களில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் வந்த புதுசில், இங்கிலாந்தில் அந்த வகைக் கார்களின் பின்னாடி சிவப்பு முக்கோணம் ஒட்டி எச்சரிச்சாங்க. நம்ம லாரிகளின் பின்னாடி 'ஏர் பிரேக்' என்று பெயின்டில் எழுதியிருக்கிறதும் அதே எச்சரிக்கைதான். பெருமைக்கு எழுதியிருக்காங்கன்னு சின்ன வயசில் நினைச்சிருக்கேன்.

அன்னிக்கு லெவேயோடு மாத்தி ஓட்ட வேண்டியவர் ஜான் ஃபிட்ச், 1953-இல் அந்த கன்னிங்ஹாமை மூணாவதாகக் கொண்டு வந்தவர். பின்னாளில் நெடுஞ்சாலைகளில் மோதும் காரை மெல்ல நிறுத்தும் மணல் பீப்பாய்த் தடுப்பை உருவாக்கினார். அவரும் சூட்டையும் வேகத்தையும் எங்கே கொட்டுறதுன்னுதான் யோசிச்சிருக்கார்.

டிஸ்க் பிறகு ரோட்டுக்கு வந்தது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ்., 1956-இல் டிரையம்ஃப் டி.ஆர்.3, 1957-இல் நாலு சக்கரத்திலும் டிஸ்க்கோடு ஜாகுவார் எக்ஸ்.கே.150. ஃபெராரிதான் கடைசி வரை டிரம்மைப் பிடிச்சுக்கிட்டிருந்தது. அதன் ஓட்டுநர் பீட்டர் காலின்ஸ் தன் சொந்த ஃபெராரிக்கு டன்லப் டிஸ்க் மாட்டியிருந்தார். ரோட்டுக் காருக்கு வெளியிலிருந்து வாங்கி மாட்டினது. இன்னிக்கு நம்ம பசங்க பண்றதுக்கு மூத்த உதாரணம். 1958 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங் ரேஸில் அவர் இறந்துட்டார். அந்தக் காரிலிருந்து கழற்றின டிஸ்க் பிரேக்கைத்தான் அடுத்த மாசம் மோன்சாவில் ஹாத்தார்னின் ஃபெராரி ரேஸ் காரில் மாட்டினாங்க. ஹாத்தார்ன் அந்த வருஷம் உலக சாம்பியன் ஆகி ஓய்வு பெற்றார். 1959 ஜனவரியில், ஈரமான சாதாரண ரோட்டில், தன் ஜாகுவாரை ஓட்டிப் போகும்போது இறந்தார். டயருக்கும் தரைக்கும் நடுவில் பிடி இல்லேன்னா எந்த பிரேக்காலும் ஒண்ணும் செய்ய முடியாது.

இப்ப நண்பனின் சிவப்பு காலிப்பருக்கு வரலாம். நல்ல நிலையில் இருக்கிற எந்தக் காரும், கம்பெனி பிரேக்கோடயே, ஏ.பி.எஸ். துடிக்கிற அளவுக்குப் பிடிக்கும். துடிச்சுட்டா டயரின் எல்லை வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல டிஸ்க்கைப் பெரிசாக்கினா முதல் தடவை நிற்கும் தூரம் ஒரு அடிகூட குறையாது. குறையணும்னா நல்ல டயர் போடணும். பெரிய டிஸ்க்கின் பயன் இருபதாவது தடவையில்தான். அதிக இரும்பு, அதிகச் சூட்டைத் தாங்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுறவருக்கு அந்த இருபதாவது தடவை வரவே வராது.

டிராக்குக்குப் போறவர் முதலில் செலவழிக்க வேண்டியது சில நூறு ரூபாய், பிரேக் ஆயிலுக்கு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துக்கு விதிப்படி புதுசில் குறைஞ்சது 230 டிகிரியில் கொதிக்கணும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தா வரம்பு 155-க்கு இறங்கிடும். டாட் 5.1-இல் அதே கணக்கு 260, 180. பரணில் கிடந்த பாட்டில் ஏன் நாலாவது சுற்றில் கொதிச்சதுன்னு இப்ப புரியும். வெறும் டாட் 5 என்பது சிலிகான், பெயர் ஒரே மாதிரி இருக்குன்னு மத்ததோடு கலந்துடக் கூடாது.

ஆயிலுக்கு அடுத்தது பேட். அதுக்கப்புறம் டிஸ்க்குக்குக் காற்று கொண்டு வரும் குழாய். காலிப்பர் கடைசி. முன்னாடி மட்டும் பெரிய காலிப்பர் போட்டா முன்பின் சமநிலை மாறி, பின்சக்கரம் வேலையே செய்யாமல் சும்மா வரும். பிஸ்டன் பெரிசானா அதை நிரப்ப அதிக ஆயில் வேணும், பெடல் இன்னும் ஆழமாப் போகும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனா டிராக்கில் துளையைச் சுத்தித்தான் விரிசல் ஆரம்பிக்கும்.

பேட் விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கு. 600 டிகிரியில் பிடிக்கும் ரேஸ் பேட், ஆறிப் போன நிலையில் சரியாப் பிடிக்காது. ஊருக்குள் பிடிக்கும் பேட், டிராக் சூட்டில் வழுக்கும். ரெண்டையும் ஒரே பேட் முழுசா செய்யறது இன்னிக்கும் கிடையாது.

இதை நண்பன் கேட்டுக்கிட்டான். அடுத்த தடவை புது ஆயில், டிராக்குக்குத் தனி பேட். அன்னிக்கு ஒவ்வொரு செஷனிலும் பெடல் கல்லு மாதிரி நின்னது. எனக்கே பொறாமையா இருந்தது. சாயங்காலம் ஊர் பேடை மாத்திப் போட சோம்பல் பட்டு, "வீடு வரைக்கும்தானே மச்சான்" என்று அப்படியே கிளம்பிட்டான். ஹைவேயில் பிரேக்கே தொடாமல் காற்றடிச்சு டிஸ்க் ஆறிப் போச்சு. பூந்தமல்லிக்கு முன்னாடி சிக்னல் சிவப்பானது, முன்னாடி போன லாரி நின்னது, இவன் மிதிச்சான். பெடல் கெட்டியாத்தான் இருந்தது. வண்டிதான் நிற்கல. ரெண்டு காலையும் சேர்த்து அழுத்தி நின்னப்போ, லாரியின் பின்பலகை பானட்டுக்கு மேல இருந்தது. மஞ்சள் பெயின்டில் 'ஏர் பிரேக்' என்று எழுதியிருந்த எழுத்தில் பெயின்ட் வழிஞ்ச கோடுகூட எனக்குத் தெரிஞ்சது.